வேளச்சேரி ட்ரெயின்ல படிக்க என்ன புக்குனு கேட்ட தம்பிக்கு

தம்பி, போன வாரம் கேன்டீன்ல நீ கேட்டதுக்கு ரெண்டு வார்த்தையில ஏதோ சொல்லிட்டு மீட்டிங்குக்கு ஓடிட்டேன், அது மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு. "அக்கா, சமீபத்துல என்னென்ன படிச்சீங்க, எது புடிச்சுது எது புடிக்கல, நான் பொன்னியின் செல்வன் ரெண்டாம் பாகத்துல நின்னு ஒன்றரை வருஷம் ஆச்சு, அதுக்கப்புறம் ஒரு புக்கும் தொடல, ட்ரெயின்ல படிக்கற மாதிரி ஏதாவது சொல்லுங்க"ன்னு கேட்ட. இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, மீன் குழம்ப அடுப்புல சின்னத் தீயில வச்சுட்டு உக்காந்துட்டேன், முழுசா எழுதிடறேன். நான் விமர்சகர் இல்ல, இலக்கியத்துல பட்டம் வாங்கினவளும் இல்ல. பறக்கும் ரயில் வேளச்சேரி வரைக்கும் வந்ததுலருந்து அதுல போக வர படிக்கறேன், அந்த அனுபவம்தான்.

முதல்ல உன் குற்ற உணர்ச்சிய தீர்த்துடலாம். பொன்னியின் செல்வன்ல நீ நின்னது உன் தப்பு இல்லப்பா. அது 1950லருந்து 1954 வரைக்கும் கல்கி பத்திரிகையில வாரா வாரம் வந்த தொடர்கதை. அன்னைக்கு படிச்சவங்களுக்கு ஒரு வாரத்துக்கு ஒரு கொத்துதான் கையில கிடைக்கும், மிச்ச நாளெல்லாம் தெருத் திண்ணையில உக்காந்து "நந்தினி யாரு, அவ என்ன பண்ணப்போறா"ன்னு பேசிக்கிட்டே ஓட்டுவாங்க. அதனாலதான் ஒவ்வொரு அத்தியாயமும் யாரோ கதவுக்கு பின்னாடி நிக்கற மாதிரி முடியும். நீ அதை அஞ்சு பாகமா ஒரே செட்டா வாங்கி, லீவு நாள்ல நூறு நூறு பக்கமா முழுங்க பாத்த, ரெண்டாம் பாகம் "சுழற்காற்று"ல மூச்சு முட்டிடுச்சு. ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம், அதுக்கு மேல தொடாத, அப்படி படிச்சா அது வேற புக்கா இருக்கும். ஆனா இப்ப உடனே அதுக்கு திரும்பாத. கை கொஞ்சம் பழகட்டும், சின்ன புக்ல ஆரம்பி, அதுவும் நீ தினமும் போற ஊர்ல நடக்கற புக்ல ஆரம்பி. இதுதான் நான் சொல்ல வந்தது. நீ வேலூர்லருந்து வந்து ரெண்டு வருஷம் ஆகுது, இன்னும் "இந்த ஊரு எனக்கு ஒட்டவே இல்லக்கா"ன்னு சொல்ற. எனக்கும் கல்யாணம் ஆகி வந்த புதுசுல அப்படித்தான் இருந்துச்சு, என்னை இந்த ஊரோட ஒட்ட வச்சது பாதி இந்த நாவல்கள்தான்.

அசோகமித்திரனோட "தண்ணீர்" படி. போன மாசம் மூணாவது தடவையா படிச்சேன். சின்ன நாவல், போக வர நாலு நாள்ல முடிஞ்சுடும். ஜமுனா, சாயானு அக்கா தங்கச்சி ரெண்டு பேரு, ஒரு ஸ்டோர் மாதிரி வீட்டுல ஒண்டுக்குடித்தனம். அக்காவுக்கு சினிமா ஆசை காட்டி ஒருத்தன் அவ வாழ்க்கையவே கரைச்சுட்டான், தங்கச்சி வீட்டுக்காரர் மிலிட்டரியில, குழந்தை சொந்தக்காரங்க வீட்டுல வளருது. கதை அவ்ளோதான், ஆனா நாவல் பூரா தண்ணிக்காக நடக்கற அலைச்சல். குழாயில வர்றதில்ல, பம்பு அடிச்சா காத்து வருது, தெருவை தோண்டிப் போட்டதுல சாக்கடையும் குடிதண்ணியும் கலந்துடுது, யாரு வீட்டு கிணத்துல விடுவாங்கன்னு குடத்தை தூக்கிக்கிட்டு தெருத் தெருவா போறாங்க. மெட்ரோ வாட்டர்ங்கற குடிநீர் வாரியமே 1978லதான் வந்துச்சு, இந்த நாவல் அதுக்கு முன்னாடியே எழுதினது, அப்ப எல்லாம் கார்ப்பரேஷன்தான்.

முதல் தடவை படிச்சப்ப ஏதோ பழைய காலத்து கஷ்டம்னு தள்ளி வச்சுட்டேன். அப்புறம் 2019 வந்துச்சு. நீ அப்ப வேலூர்ல இருந்திருப்ப. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் வறண்டு போயி, ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலருந்து 50 வேகன்ல 25 லட்சம் லிட்டர் தண்ணி ட்ரெயின்ல வில்லிவாக்கத்துக்கு வந்துச்சு, அந்த ட்ரெயினுக்கு மாலை போட்டு வரவேற்றாங்க. எங்க அபார்ட்மென்ட்ல போர் காஞ்சு போச்சு, லாரி புக் பண்ணா வர்றதுக்கு வாரக்கணக்காச்சு. ராத்திரி ஒரு மணிக்கு லாரி வரும், ஹாரன் சத்தம் கேட்டதும் நைட்டியோட குடத்தை தூக்கிக்கிட்டு மூணு மாடி இறங்குவோம். ஒரு நாள் எதிர் வீட்டு அக்காவும் நானும், பத்து வருஷமா ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் பலகாரம் கொடுத்து வாங்கினவங்க, ஒரு குடம் முன்ன பின்ன வச்சதுக்கு வாய்க்கு வந்தபடி சண்டை போட்டோம். சண்டை முடிஞ்சு மேல வந்து உக்காந்தப்பதான் ஜமுனா ஞாபகம் வந்தா. தண்ணி இல்லாம போனா முதல்ல வத்தறது மனுஷங்களுக்குள்ள இருக்கற ஈரம்தான்னு அந்த மனுஷன் எவ்வளவு சத்தமே இல்லாம எழுதி வச்சிருக்காருன்னு அன்னைக்குதான் விளங்குச்சு. மறுநாள் ஷெல்ஃப்லருந்து எடுத்து திரும்ப படிச்சேன்.

அதுல ஒரு டீச்சர் வர்றாங்க, பக்கத்துல இருக்கறவங்க. ஜமுனா உடைஞ்சு போயி உக்காந்திருக்கறப்ப தன்னோட கதைய சொல்றாங்க, பதினஞ்சு வயசுல நாப்பத்தஞ்சு வயசு நோயாளிக்கு கட்டி வச்சது, கல்யாணம் ஆன அன்னைக்கே ஆரம்பிச்ச வேலை இன்னும் முடியலங்கறது. அழுதுக்கிட்டு சொல்லல, அரிசி விலை சொல்ற மாதிரி சொல்றாங்க. எனக்கு தெரிஞ்சு தமிழ் நாவல்ல ஒரு பொம்பள இன்னொரு பொம்பளைக்கு சொல்ற ஆறுதல்ல இவ்வளவு நேர்மையானது வேற இல்ல. "எல்லாம் சரியாயிடும்"ங்கற பேச்சே அதுல கிடையாது. கதை முடிஞ்சதும் மறுபடி குடத்தை எடுத்துக்கிட்டு தண்ணிக்கு போறாங்க.

அதே அசோகமித்திரனோட "கரைந்த நிழல்கள்" இந்த வருஷம்தான் முதல் தடவை படிச்சேன். ஜெமினி ஸ்டூடியோல பத்து வருஷத்துக்கு மேல வேலை பாத்தவரு, அங்க பாத்ததுதான் அடிப்படை. சினிமா பத்தின நாவல்னா ஹீரோ ஹீரோயின் கிசுகிசு இருக்கும்னு எடுத்தா, அது ஆரம்பிக்கறது ஒரு புரொடக்‌ஷன் மேனேஜர் விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு, அவுட்டோருக்கு வண்டி வந்துச்சா, யார் யாரை எங்கெங்க ஏத்தணும், டிபன் எங்கன்னு ஓடற இடத்துல. எங்க பெரியப்பா வடபழனியில ஒரு ஸ்டூடியோல லைட்மேனா இருந்தவரு, அவரு வீட்டுக்கு போனா முன்னங்கையில பழைய சூட்டுத் தழும்பு காட்டுவாரு, பெரிய பெரிய ஸ்டார் பேரெல்லாம் சொல்ல மாட்டாரு, அன்னைக்கு பேட்டா வந்துச்சா வரலையாங்கறதுதான் பேச்சு. அவரு பேசின சினிமா இந்த நாவல்ல இருக்கு. மத்த எதுலயும் எனக்கு கிடைக்கல. ஆனா ஒண்ணு சொல்லிடறேன், ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஆள் மாறிக்கிட்டே இருப்பாங்க, ஒருத்தரை புடிச்சு நம்பி உள்ள போனா அவரு காணாம போயிடுவாரு, பல பக்கம் தாண்டி யாரோ போற போக்குல அவரு என்ன ஆனாருன்னு சொல்லுவாங்க. அந்த தொழில்ல நிஜமாவே அப்படித்தான் ஆளுங்க காணாம போவாங்க. அதனால இதை ரெண்டாவதா படி, முதல்ல படிச்சா தடுமாறுவ.

இப்ப ஜன்னல் சீட்டுக்கு வர்றேன். நீ சேப்பாக்கம் தாண்டினதும் ட்ரெயின் ஒரு கருப்பு வாய்க்கால் மேலயே போகும்ல, பசுமைவழிச்சாலை வரைக்கும் தூண் எல்லாம் அதுக்குள்ளதான் நிக்கும், எல்லாரும் மூக்கை பொத்திக்கிட்டு போன் பாப்பாங்க. அது பக்கிங்ஹாம் கால்வாய். கூவத்தையும் அடையாறையும் சேர்க்கற அந்த துண்டு, சுமாரா 8 கிலோமீட்டர், 1877-78ல பஞ்ச நிவாரண வேலையா வெட்டினது. தாது வருஷப் பஞ்சம்னு பாட்டிங்க சொல்லுவாங்களே, அது. தென்னிந்தியாவுல 50 லட்சத்துக்கு மேல ஜனங்க செத்தாங்க. நிவாரண வேலைக்கு வந்த ஆம்பளைக்கு அரசாங்கம் ஒரு கட்டத்துல நிர்ணயம் பண்ண கூலி ஒரு நாளைக்கு 450 கிராம் தானியமும் ஒரு அணாவும். அதை தின்னுட்டு மண்ணு வெட்டணும்.

ஜெயமோகனோட "வெள்ளை யானை" அந்த பஞ்சத்து மெட்ராஸ்ல நடக்கற நாவல். ஏய்டன்னு ஒரு அயர்லாந்துக்கார போலீஸ் அதிகாரி, ஐஸ் ஹவுஸ்ல வேலை செய்யற தலித் தொழிலாளிங்க, அவங்க பண்ற வேலைநிறுத்தம். ஐஸ் ஹவுஸ்னா நம்ம கடற்கரை சாலையில இப்ப விவேகானந்தர் இல்லம்னு இருக்கே, அதே கட்டடம்தான். அமெரிக்காவுல ஏரி உறையறப்ப பாளம் பாளமா அறுத்து, மரத்தூள்ல பொதிஞ்சு கப்பல்ல கொண்டு வந்து வெள்ளைக்காரன் குடிக்கற சாராயத்துக்காக அங்க அடுக்கி வப்பாங்க. 1842ல கட்டினது. விவேகானந்தர் வந்து தங்கினது 1897ல, அது ரொம்ப பின்னாடி. ஊரே சோறு இல்லாம சாகறப்ப கப்பல்ல ஐஸ் வந்து இறங்கிக்கிட்டு இருந்துச்சுங்கறது, இது நாவலுக்காக கட்டினது இல்ல, கட்டடம் அங்கயே நிக்குது பாரு.

ஏய்டன் செங்கல்பட்டு பக்கம் பஞ்சம் பாக்க போற அத்தியாயங்களை நான் திருவல்லிக்கேணிக்கும் மயிலாப்பூருக்கும் நடுவுல படிச்சேன். ரோட்டோரம் கிடக்கற ஆளுங்க, சாரட்டு சத்தம் கேட்டு எழுந்திரிக்க முயற்சி பண்ற எலும்புக்கூடுங்க. தலைய தூக்கி ஜன்னல் வழியா கீழ பாத்தா அதே வாய்க்கால், மேல பாலிதீன் கவரு மிதக்குது, கரையில ஒரு எருமை நிக்குது. எனக்கு அன்னைக்கு மந்தைவெளியில இறங்கணும், இறங்கல, கஸ்தூரிபாய் நகர் வரைக்கும் போயிட்டேன். அந்த நாவல் மேல எனக்கு குறையும் உண்டு, நடுவுல ஆளுங்க நின்னு நின்னு நீளமா சொற்பொழிவு ஆத்தறாங்க, ஏய்டனோட மனசாட்சி பேசற இடமெல்லாம் பாதியா குறைச்சிருக்கலாம்னு தோணுச்சு. வேலை செய்யறவங்க பக்கத்துலருந்து சொல்லாம ஏன் வெள்ளைக்காரன் கண்ணு வழியா சொல்லணும்ங்கறதும் உறுத்துச்சு. ஆனாலும் படிச்சதுக்கு அப்புறம் அந்த வாய்க்காலை என்னால வெறும் நாத்தமா பாக்க முடியல.

சிந்தாதிரிப்பேட்டை ஸ்டேஷன்ல இறங்கி மீன் மார்க்கெட் பக்கம் போயிருக்கியா? போகலைன்னா தமிழ்ப்பிரபாவோட "பேட்டை" படிச்சுட்டு போ. 2018ல வந்துச்சு, இவருதான் சார்பட்டா பரம்பரையில ரஞ்சித்தோட சேர்ந்து எழுதினவரு. சின்ன தறிப் பேட்டைங்கறதுதான் சிந்தாதிரிப்பேட்டை ஆச்சு, 1734ல கம்பெனிக்காரன் துணி நெய்யறதுக்காக நெசவாளிங்கள கொண்டு வந்து குடி வச்ச இடம். நாவல் நடக்கறது கூவம் கரையில, குடிசையிலயும் ஹவுசிங் போர்டுலயும். சர்ச், ஜெபம், பேய் புடிக்கறது, கேரம் போர்டு, சாவு வீடு, எல்லாம் ஒரே மூச்சுல வருது. மெட்ராஸ் பாஷைய சினிமாவுல காமெடிக்கு வச்சிருப்பாங்கல்ல, இதுல அந்த பாஷையில ஆளுங்க அழறாங்க, கடவுளை திட்டறாங்க, காதலிக்கறாங்க. வேலூர்க்காரன் உனக்கு அந்த பேச்சு புரியறதுல கஷ்டமே இருக்காது. பின்பாதியில ரூபன்ங்கறவனோட கதை கொஞ்சம் அவசரப்பட்டு ஓடுதுன்னு எனக்கு பட்டுச்சு, முன்பாதியில இருந்த நிதானம் அங்க இல்ல. ஆனா முன்பாதிக்காகவே வாங்கலாம்.

ஜெயகாந்தன் பத்தி சொல்லாம விட்டா எங்க அம்மா கோச்சுக்குவாங்க. எங்க வீட்டுல அவருதான் தெய்வம். திருவல்லிக்கேணி பாரதி சாலையில பழைய புத்தகக் கடையில "சில நேரங்களில் சில மனிதர்கள்" பழைய காப்பி ஒண்ணு கிடைச்சுது, அட்டை கிழிஞ்சு செலோ டேப் ஒட்டி இருந்துச்சு, உள்ள யாரோ பச்சை மையில பேரெழுதி, அடையாளத்துக்கு ஒரு பல்லவன் பஸ் டிக்கெட் வச்சிருந்தாங்க. அந்த கதையே பஸ் ஸ்டாப்ல மழையில நிக்கற ஒரு காலேஜ் பொண்ணுலருந்துதான் கிளம்புது, அந்த டிக்கெட்ட கையில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு இருந்தேன், வாங்கின பொண்ணு எந்த ஸ்டாப்ல ஏறினாளோ. நான் பொண்ணுன்னு நினைச்சுக்கிட்டேன், கையெழுத்து அப்படி இருந்துச்சு.

நீ முதல்ல "அக்னிப் பிரவேசம்" சிறுகதைய படி, 1966ல ஆனந்த விகடன்ல வந்தது, பத்து பன்னெண்டு பக்கம்தான். கார்ல லிஃப்ட் கொடுத்தவன்கிட்ட கெட்டுப்போய் வீட்டுக்கு வர்ற பொண்ணு தலையில அம்மா தண்ணிய ஊத்தி, நீ சுத்தம்டின்னு சொல்லிடறா. அன்னைக்கு ஊரே கொதிச்சுது, அதெப்படி ஒரு தாய் அப்படி சொல்லலாம்னு. அவரு பதிலுக்கு என்ன பண்ணாரு, சரி அந்த அம்மா அப்படி சொல்லாம, நீங்க எதிர்பாக்கற மாதிரியே கத்தி கூப்பாடு போட்டு ஊரை கூட்டியிருந்தா அந்த பொண்ணு என்ன ஆகியிருப்பான்னு "சில நேரங்களில் சில மனிதர்கள்"ங்கற முழு நாவலா எழுதி மூஞ்சிக்கு நேரா வச்சாரு. அந்த நாவலுக்குள்ள அந்த பொண்ணு கங்கா, ஒரு எழுத்தாளர் எழுதின அதே சிறுகதைய பத்திரிகையில படிக்கறா. இந்த ஏற்பாடு எனக்கு இப்பவும் புல்லரிக்கும். 1972ல சாகித்ய அகாடமி கொடுத்தாங்க, 1977ல படமா வந்து லட்சுமிக்கு தேசிய விருது வாங்கி கொடுத்துச்சு. பேச்சு நீளம்தான், எல்லாரும் வக்கீல் மாதிரி வாதாடுவாங்க, இன்னைக்கு படிக்கறவங்களுக்கு அது சலிப்பா இருக்கலாம். ஆனா அந்த வெங்கு மாமா. படிக்க வச்சு ஆளாக்கினவன்ங்கற நன்றிய காட்டியே அவள சுத்தி சுத்தி வர்ற அந்த ஆளு. அப்படி ஒருத்தரை தெரியாத பொம்பள இந்த ஊர்ல யாரு இருக்கா சொல்லு. எங்க அம்மா இந்த புக்கை ஏன் தலைமாட்டுல வச்சிருந்தாங்கன்னு நான் அவங்ககிட்ட கேட்டதே இல்ல. கேட்டிருக்கணும்னு இப்ப தோணுது.

சென்னை தாண்டி ரெண்டு சொல்றேன். பூமணியோட "வெக்கை", 1982ல வந்தது, அசுரன் இதுலருந்து எடுத்ததுதான். படம் பாத்துட்டேன், கதை தெரியும்னு விட்டுடாத. படத்துல வர்ற அந்த பெரிய ஃப்ளாஷ்பேக் நாவல்ல கிடையாது. நாவல்ல பதினஞ்சு வயசு சிதம்பரம், அண்ணன் சாவுக்கு காரணமான வடக்கூரானோட கைய மட்டும் வெட்டணும்னு போறான், ஆள் செத்துடறான், அப்பனும் புள்ளையும் காட்டுல எட்டு நாள் ஒளிஞ்சு திரியறாங்க, அவ்ளோதான். சண்டைய விட சோறுதான் அதிகம். எங்க தண்ணி இருக்கும், எந்த கிழங்கை தோண்டலாம், ரெண்டு கல்ல வச்சு புகை தெரியாம எப்படி கஞ்சி காய்ச்சறதுன்னு அப்பன் புள்ளைக்கு சொல்லிக் கொடுத்துக்கிட்டே போறான். கொலை பண்ண பையன்கிட்ட ஒரு அப்பா கோவப்படாம அவன் சாப்பிட்டானான்னு பாத்துக்கிட்டே இருக்கறது, படிச்சு முடிச்சதும் எனக்கு மிஞ்சினது அது.

இன்னொண்ணு இமையத்தோட "செல்லாத பணம்". இதை ட்ரெயின்ல படிக்காத, சொல்லிட்டேன். இன்ஜினியரிங் படிச்ச ரேவதி, வீட்டை மீறி ஆட்டோ ஓட்டறவர கட்டிக்கறா, அப்புறம் தீக்காயத்தோட பாண்டிச்சேரி ஜிப்மர்ல கிடக்கறா. ஹெட்மாஸ்டர் அப்பா பணத்தோட ஓடி வர்றாரு, செலவு பண்ண தயாரா நிக்கறாரு, அந்த பணத்தை வச்சு ஒண்ணும் பண்ண முடியல, அதான் தலைப்பு. நாவல்ல பெரும்பகுதி வார்டுக்கு வெளிய காத்துக்கிட்டு உக்காந்திருக்கறதுதான். எங்க அண்ணி ஒரு ஆஸ்பத்திரி ஐசியூல பதினோரு நாள் இருந்தப்ப நாங்க வராண்டாவுல பாய் விரிச்சு படுத்துக்கிட்டு இருந்தோம். பக்கத்துல யாரோ ஒரு அம்மா, பேரு கூட தெரியாது, ஃப்ளாஸ்க்லருந்து பாதி டீய எனக்கு ஊத்திக் கொடுத்துட்டு, "உங்களது என்ன கேஸு"ன்னு கேட்டாங்க. நம்ம மனுஷி அங்க ஒரு கேஸு. கதவு திறக்கும்போதெல்லாம் எல்லா தலையும் ஒண்ணா திரும்பும், நம்ம பேரை கூப்பிடலைன்னா நிம்மதியா வருத்தமான்னு தெரியாது. இமையம் அந்த வராண்டாவ ஒரு செங்கல் விடாம எழுதியிருக்காரு. 2020க்கான சாகித்ய அகாடமி இதுக்குத்தான். நான் எண்பது பக்கம் படிச்சு மூடி வச்சு, ஒரு மாசம் கழிச்சுதான் முடிச்சேன். ஒரு இடத்துல எனக்கு கோவமும் வந்துச்சு, எல்லாரும் அவ ஏன் போனா, ஏன் அவன கட்டினான்னே பேசறாங்க, அவ பேசறது ரொம்ப கம்மி. அப்புறம் யோசிச்சா, நம்ம வீடுகள்லயும் அப்படித்தானே நடக்குது.

புடிக்காதது எதுன்னும் கேட்டல்ல. மொழிபெயர்ப்பு சுயமுன்னேற்ற புக்கு ஒண்ணு பரிசா வந்துச்சு, பேரு வேணாம், நாப்பது பக்கம் தாண்ட முடியல. அதுல வர்றவங்க யாருக்கும் வாடகை கட்டற கவலையோ மாமியாரோ இல்ல, காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சா எல்லாம் மாறிடுமாம். காலையில நாலரைக்கு எந்திரிக்கற பூக்காரம்மா எங்க தெரு முனையிலயே இருக்காங்க. சுந்தர ராமசாமியோட "ஜே.ஜே: சில குறிப்புகள்" ரெண்டு தடவை விட்டுட்டு இந்த தடவை முடிச்சேன், வாக்கியம் வாக்கியமா அடிக்கோடு போடலாம், ஆனா ஜே.ஜே மேல எனக்கு கடைசி வரைக்கும் பாசம் வரல. மதிப்பு வந்துச்சு. உனக்கு இப்ப வேணாம், பின்னாடி பாத்துக்கலாம்.

ஒரு புக்கு எனக்கு புடிக்குதா இல்லையான்னு எப்படி தெரியும்னு யோசிச்சு பாத்தேன். அதுல யாராவது வேலை செய்யணும். அந்த வேலை எப்படி நடக்குதுன்னு எழுதினவருக்கு கை வரைக்கும் தெரிஞ்சிருக்கணும். குடம் தூக்கறது, ஷூட்டிங்குக்கு வண்டி பிடிக்கறது, காட்டுல கஞ்சி காய்ச்சறது. அது சரியா இருந்தா மிச்சத்தை நான் நம்பிடுவேன், காதல், கடவுள், அரசியல் எதை சொன்னாலும். அது பொய்யா இருந்தா எவ்வளவு அழகா எழுதினாலும் ஒட்டாது.

எங்க கிடைக்கும்னா, ஜனவரியில நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்துல புத்தகக் கண்காட்சி நடக்கும், 1977லருந்து நடத்தறாங்க, எல்லா ஸ்டால்லயும் 10 சதவீதம் தள்ளுபடி. ஒரே நாள்ல எல்லாத்தையும் வாங்கி குவிக்காத, மூணு வாங்கு போதும். நடுவுல படிக்கணும்னா கோட்டூர்புரத்துல இறங்கினா அண்ணா நூற்றாண்டு நூலகம், உன் வழியிலயேதான் இருக்கு, நம்ம சொந்த புக்கை கொண்டு போய் உக்காந்து படிக்கவும் அங்க தனி இடம் இருக்கு. மத்தியானம் பரீட்சைக்கு படிக்கற பசங்க கூட்டம் அங்க நிறைய இருக்கும், அந்த அமைதியில உக்காந்தா நமக்கும் பக்கம் நகரும்.

இதெல்லாம் ஒரு நாலு மாசம் ஓடட்டும், அப்புறம் பொன்னியின் செல்வனுக்கு திரும்பு, முதல் பாகத்துலருந்தே. முதல் பக்கத்துல ஆடிப்பெருக்கு அன்னைக்கு வந்தியத்தேவன் குதிரை மேல ஒரு பெரிய ஏரிக்கரையோரம் வர்றான்ல, வீரநாராயண ஏரி, அதான் வீராணம். 2004லருந்து அந்த ஏரித் தண்ணி குழாய்ல சென்னைக்கு வருது, திட்டப்படி ஒரு நாளைக்கு 18 கோடி லிட்டர். நீ இங்க குடிக்கற தண்ணியில அதுவும் கலந்திருக்கும். ஜமுனா காலத்துல அந்த குழாய் இருந்திருந்தா அவ அந்த தெருவெல்லாம் அலைஞ்சிருக்க மாட்டாளோன்னு ஒரு நாள் நினைச்சேன். அப்புறம் 2019ல அந்த குழாயும் இருந்துச்சே, நாங்க அலைஞ்சோமேன்னும் நினைச்சேன்.

"தண்ணீர்" என் காப்பிய நாளைக்கு கொண்டு வர்றேன், என் டேபிள் ரெண்டாவது டிராயர்ல இருக்கும், நான் சீட்டுல இல்லைன்னாலும் எடுத்துக்கோ. நடுவுல சில பக்கம் தண்ணி பட்டு அலை அலையா காஞ்சிருக்கும், அது அந்த 2019ல குடத்துப் பக்கத்துல வச்சு படிச்சப்ப ஆனது, எழுத்தெல்லாம் நல்லா தெரியும். டீச்சர் கதை சொல்ற இடத்துல பல்லவன் டிக்கெட்ட வச்சிருக்கேன், அதை மட்டும் தொலைச்சுடாம திருப்பி கொடுத்துடுப்பா.